ஐஸ் காபி சொதப்புதா? எந்த இடத்துல தப்பாச்சுன்னு பாத்துருவோம்

சூடா காபி போட்டா நல்லா வருது, அதுலயே ஐஸ் போட்டா மட்டும் கலர் தண்ணி மாதிரி ஆயிடுதுன்னு புலம்புற ஆளா நீங்க? நானும் அந்த கோஷ்டி தான். ரெண்டு வெயில்காலம் தினமும் ஒரு கிளாஸ் கலக்கி, அதுல பாதி நாள் சிங்க்ல ஊத்திட்டு தான் ஒரு விஷயம் மண்டைல ஏறிச்சு. ஆறிப்போன சூடு காபிக்கும் ஐஸ் காபிக்கும் சம்பந்தமே கிடையாது. டிகாஷன் அளவு, சர்க்கரை சேக்குற நேரம், பால் ஊத்துற முறை எல்லாமே மாறுது.

இன்னொன்னு, நம்ம எல்லாரும் பண்ற தப்பு: எல்லாத்தையும் கலந்து முடிச்சு, கடைசியா ஒரு வாய் குடிச்சுப் பாத்து, ஏதோ சரியில்லன்னு தோணுனதும் சர்க்கரையை இன்னும் ரெண்டு ஸ்பூன் அள்ளிப் போடுறது. கலந்தப்புறம் எது கெட்டுச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அதனால கலக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொன்னையும் தனித்தனியா நாக்குல வெச்சுப் பாருங்க. ஒரு ஸ்பூன் டிகாஷன்ல ரெண்டு ஸ்பூன் தண்ணி விட்டு ஒரு சொட்டு, பால் ஒரு சொட்டு, ஐஸ்கட்டி ஒன்னை வாயில போட்டு ஒரு நிமிஷம். ஐஸை எதுக்கு டேஸ்ட் பாக்கணும்னு சிரிக்காதீங்க, கீழ அதுக்கும் ஒரு பஞ்சாயத்து இருக்கு.

முதல்ல என் அளவைச் சொல்லிடுறேன், இல்லன்னா அதிகம் குறைச்சல்னு நான் சொல்றது எதை வெச்சுன்னு புரியாது. ஒரு பெரிய கிளாஸுக்கு 60 மில்லி திக் டிகாஷன், 120 மில்லி ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பால், 20 மில்லி சர்க்கரைப் பாகு, ஆறேழு ஐஸ்கட்டி. அந்த 60 மில்லி டிகாஷனுக்கு நான் 18 கிராம் காபித்தூள்ல 100 மில்லி வெந்நீர் ஊத்துறேன். 100 ஊத்துனா 100 இறங்காது, தூள் தன் எடையில ரெண்டு பங்கு தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கும், அதனால 60, 65 தான் கீழ வரும். இது தெரியாம டிகாஷன் கம்மியா இறங்குதுன்னு மேல இன்னும் தண்ணி ஊத்துனீங்கன்னா அங்கயே முதல் தப்பு ஆரம்பிச்சாச்சு. இனிமே உங்க கிளாஸ்ல என்ன குறையோ அங்க போங்க.

தண்ணியா இருக்கு, காபி வாசனையே இல்ல

நூத்துக்கு எண்பது பேர் சொல்ற குறை இது தான்னு நினைக்கிறேன், எண்ணியெல்லாம் பாக்கல, ஆனா என்கிட்ட கேக்குற ஆளுங்க எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. காரணம் ஐஸ் தான், ஆனா ஐஸ் அதிகமா போட்டதால இல்ல, சூடான டிகாஷன்ல ஐஸ் போட்டதால.

கணக்கு போட்டுப் பாத்தா பயமா இருக்கும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 334 ஜூல் சூட்டை இழுத்துக்கும், ஃப்ரீசர்ல மைனஸ் 18 டிகிரில இருந்தா பூஜ்யத்துக்கு வர்றதுக்கும் கொஞ்சம் இழுக்கும். ஒரு கிராம் காபி ஒரு டிகிரி ஆறணும்னா 4.2 ஜூல் வெளிய போகணும். 90 டிகிரில இருக்குற 100 மில்லி காபியை 5 டிகிரிக்கு கொண்டு வர கிட்டத்தட்ட 90 கிராம் ஐஸ் உருகியாகணும். அதாவது நூறு மில்லி காபில தொண்ணூறு மில்லி தண்ணி ஊத்துறதும் இதுவும் ஒன்னு தான், ஐஸ்ங்கிற பேர்ல ஊத்துறதால நமக்கு உறைக்கல, அவ்வளவு தான். அதே 100 மில்லியை அறை சூட்டுக்கு, ஒரு 30 டிகிரிக்கு ஆற விட்டுட்டு ஐஸ் போட்டீங்கன்னா உருகுறது 27 கிராம் தான். ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்து ஊத்துனா உருகுறது பேருக்குத்தான்.

அப்போ வழி என்னன்னா டிகாஷனை ஆற வைங்க. அவசரம்னா டிகாஷன் பாத்திரத்தை ஐஸ் தண்ணி இருக்குற பெரிய பாத்திரத்துக்குள்ள இறக்கி வெச்சு ஸ்பூனால கிண்டிக்கிட்டே இருங்க, அஞ்சு நிமிஷத்துல ஜில்லுனு ஆயிடும், எவர்சில்வர் பாத்திரமா இருந்தா இன்னும் சீக்கிரம். பாலும் ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா வரணும், வெளிய வெச்ச 120 மில்லி பால் மட்டுமே ஒன்றரை ஐஸ்கட்டியைத் தின்னுரும்.

ஆற வைக்க பொறுமை இல்லைன்னா இன்னொரு முறை இருக்கு, இதுல ஐஸை எதிரியா பாக்காம கணக்குல சேத்துக்கணும். 20 கிராம் தூளுக்கு 300 மில்லி தண்ணி ஊத்துவீங்கன்னு வைங்க, அதுல 180 மட்டும் வெந்நீரா ஊத்துங்க, மீதி 120 கிராமை ஐஸா கீழ இருக்குற பாத்திரத்துல முன்னாடியே போட்டு வைங்க. சூடா இறங்குற டிகாஷன் அந்த ஐஸ் மேல நேரா விழுந்து அங்கயே ஆறிடும், ஐஸ் மொத்தமும் உருகி, வர வேண்டிய அளவு காபியா நிக்கும், வாசனையும் நல்லா இருக்கும். குடிக்கிறப்போ புது ஐஸ் போட்டுக்கங்க. பால் சேக்காம கறுப்பா குடிக்கிறவங்களுக்கு இது ரொம்ப நல்லா வரும், பால் சேக்கணும்னா தூளை இன்னும் ஏத்தணும்.

முதல் வாய் நல்லா இருந்து பாதிக்கு மேல தண்ணியாகுதுன்னா பிரச்சனை வேற, ஐஸ்கட்டி சின்னது. சின்னக் கட்டிகளுக்கு மொத்தமா மேல்பரப்பு அதிகம், சீக்கிரம் உருகும். பெரிய கட்டியா ஊத்தி வைங்க, கிண்ணத்துல உறைய வெச்சாலும் போதும். இல்ல, மிச்சம் இருக்குற டிகாஷனை ஐஸ் ட்ரேல ஊத்தி வெச்சுருங்க, அது உருகுனாலும் காபியா தான உருகும். ஆனா கிளாஸ் முழுக்க டிகாஷன் ஐஸ் போடாதீங்க, ஒரு தடவை ஆசைப்பட்டு போட்டேன், கடைசி நாலு வாய் கஷாயம்.

சர்க்கரை அடியிலயே கிடக்கு

கரண்டி தேயுற வரைக்கும் கலக்குனாலும் அடியில மணல் மாதிரி நறநறன்னு. மேல குடிச்சா கசப்பு, கடைசி வாய்ல வெறும் சர்க்கரை.

குளிர்ந்த தண்ணில சர்க்கரை கரையாதுன்னு சொல்லுவாங்க, அது முழு உண்மை இல்ல. பூஜ்யம் டிகிரி தண்ணி 100 கிராம்ல கூட 180 கிராம் சர்க்கரை வரைக்கும் கரையும், நம்ம போடுறதோ ரெண்டு மூனு ஸ்பூன். இடம் இருக்கு, வேகம் தான் இல்ல. ஜில்லுனு இருக்குறப்போ கரையுறது அவ்வளவு மெதுவா நடக்கும், அதுக்குள்ள நம்ம குடிச்சு முடிச்சுருவோம்.

ஒரே மருந்து பாகு. ஒரு டம்ளர் சர்க்கரை, ஒரு டம்ளர் தண்ணி, அடுப்புல வெச்சு சர்க்கரை கரைஞ்சதும் இறக்கிருங்க, கம்பிப் பதம் எல்லாம் வேணாம், கொதிக்கவே வேணாம். ரெண்டு டம்ளர் வரும்னு பெரிய பாட்டில் எடுத்து வெச்சுட்டு உக்காராதீங்க, ஒன்றரை டம்ளர் தான் வரும், சர்க்கரை தண்ணிக்குள்ள அடங்கிடும். இந்தப் பாகு ஒரு பெரிய ஸ்பூன், அதாவது 15 மில்லி, ரெண்டு டீஸ்பூன் சர்க்கரைக்கு சமம். பாட்டிலைக் கழுவி நல்லா காயவெச்சு ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சா ரெண்டு மூனு வாரம் ஓடும். மேல பூசணம் மாதிரி ஏதாவது மிதந்தாலோ கலங்கிப் போனாலோ யோசிக்காம கொட்டிருங்க.

பாகு செய்ய சோம்பலா இருந்தா டிகாஷன் சூடா இருக்கும்போதே சர்க்கரையைப் போட்டு கரைச்சுட்டு அப்புறம் ஆற வைங்க. நான் பாதி நாள் இதைத்தான் பண்றேன். ஆனா வீட்ல ஆளுக்கு ஒரு இனிப்புன்னா இது சரி வராது, பாகு பாட்டிலை நடுவுல வெச்சுட்டா அவங்கவங்க பாடு.

பாட்டில்ல இருந்த பாகே கல்கண்டு மாதிரி கட்டி ஆயிடுச்சுன்னா நீங்க அடுப்புல ரொம்ப நேரம் விட்டுட்டீங்க, தண்ணி வத்திப்போச்சு. ரெண்டு ஸ்பூன் தண்ணி விட்டு லேசா சூடு காட்டுங்க, கரைஞ்சுடும். 

தேன் ஊத்துறவங்களுக்கு: ஜில்லு பால்ல தேன் விழுந்தா அப்படியே பசை மாதிரி அடியில ஒட்டிக்கும். ஒரு ஸ்பூன் வெந்நீர்ல தேனைக் கலக்கிட்டு ஊத்துங்க. கண்டென்ஸ்டு மில்க்கும் இதே கதை தான், கெட்டியா கனமா இருக்குறதால நேரா அடிக்கு போய் உக்காந்துக்கும், அதை முதல்ல கிளாஸ்ல போட்டு டிகாஷனை மிதமான சூட்டுல அது மேல ஊத்தி நல்லா கலந்துட்டு அப்புறம் தான் ஐஸ். அதுல பாதிக்கு மேல சர்க்கரை தான் இருக்கு, அதனால அதைப் போட்டுட்டு பாகும் பழைய அளவுக்கே ஊத்துனா முடிஞ்சுது கதை.

சர்க்கரை போட்டேன், ஆனா இனிப்பே தெரியல

ஜில்லுனு இருந்தா நாக்குக்கு இனிப்பு கம்மியா தான் தெரியும். உருகிப்போன ஐஸ்கிரீமை குடிச்சுப் பாருங்க, ஐயோ இவ்வளவு தித்திப்பான்னு இருக்கும், உறைஞ்சு இருக்கும்போது அதே தான் அளவா இருந்துச்சு. அதனால சூடா டேஸ்ட் பாத்து அளவை முடிவு பண்ணாதீங்க. சூடா இருக்கும்போது ஒரு நூல் அதிகமா தெரிஞ்சா ஜில்லுனு ஆனதும் சரியா இருக்கும்.

அப்படியும் இனிப்பு எடுபடலன்னா கசப்பு தான் அதை அமுக்குது. சர்க்கரையை ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு விரல்ல கிள்ளி எடுக்குற உப்புல பாதி, நிஜமாவே பாதி, டிகாஷன்ல போட்டு கலக்கிப் பாருங்க. உப்பு கசப்பை மட்டுப்படுத்தும், அதனால இருக்குற இனிப்பே மேல வரும். உப்பு ருசி தெரிஞ்சா நீங்க அதிகமா போட்டுட்டீங்கன்னு அர்த்தம். முதல் தடவை நான் ஒரு முழு சிட்டிகை போட்டு வீட்ல யாருமே ரெண்டாவது வாய் குடிக்கல.

திகட்டுது, ரெண்டு வாய்க்கு மேல குடிக்க முடியலன்னா இதுக்கு நேர் எதிரா தண்ணி ஊத்தாதீங்க, இன்னும் கொஞ்சம் டிகாஷன் ஊத்துங்க.

கசக்குது, புளிக்குது, துவர்க்குது

இந்த மூனையும் போட்டு குழப்பிக்குவோம். முழுங்குனப்புறமும் தொண்டைக்கிட்ட நிக்கிறது கசப்பு. வாய்ல எச்சில் ஊற வைக்கிறது புளிப்பு. நாக்கு காஞ்சு போன மாதிரி இழுக்குறது துவர்ப்பு. எதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

கசப்பும் துவர்ப்பும் சேந்து வந்தா தூள்ல இருந்து தேவைக்கு மேல இழுத்துட்டீங்க. தூள் மாவு மாதிரி ரொம்ப நைசா இருக்கலாம், கொதிக்கிற தண்ணிலயே தூளைப் போட்டு கொதிக்க விட்டிருக்கலாம், இல்ல இறங்காம நின்னதை அமுக்கிப் பிழிஞ்சிருக்கலாம். தண்ணி கொதி வந்ததும் அடுப்பை அணைச்சு அரை நிமிஷம் விட்டு ஊத்துங்க, 90ல இருந்து 96 டிகிரிக்குள்ள இருந்தா போதும். ஸ்ட்ராங்கா வேணும்னா தூளை ஏத்துங்க, நேரத்தை ஏத்தாதீங்க. ஸ்ட்ராங் வேற கசப்பு வேறங்கிறதை ஒத்துக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. அப்புறம் காபிக்கொட்டைல ரொபஸ்டா, அரபிகான்னு ரெண்டு வகை இருக்கு, ரொபஸ்டா அதிகமா இருக்குற தூள் இயல்பாவே கசப்பு கூட, கஃபைனும் அரபிகாவை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதுக்கு உங்க கைமேல தப்பு சொல்லிப் பிரயோஜனமில்ல, பாலைக் கொஞ்சம் கூட்டிக்கங்க.

புளிப்புன்னா அதுக்கு எதிர், சரியா இறங்கல. தண்ணி சூடு பத்தலை, தூள் ரொம்ப கரகரப்பா இருக்கு, இல்ல லேசா வறுத்த கொட்டை. லேசா வறுத்ததுக்கு இயல்புலயே புளிப்பு உண்டு, கறுப்பா குடிச்சா நல்லா இருக்கும், பால் சர்க்கரை எல்லாம் போட்டு இனிப்பா வேணும்னா நடுத்தரமாவோ அதுக்கு மேலயோ வறுத்தது தான் தாங்கும், என் கருத்து. காலைல இறக்குன டிகாஷனை அடுப்பு ஓரத்துல சூட்டுலயே வெச்சு சாயங்காலம் எடுத்தீங்கன்னா அதுலயும் ஒரு புளிச்ச கசந்த ருசி வரும், சூட்டுல கிடக்கக் கிடக்க அமிலம் கூடும். ஆற வெச்சு மூடி ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிருங்க.

கசப்பு எப்படியும் போகலன்னா பச்சைத் தண்ணிலயே ஊற வெக்கிற முறைக்கு மாறிப் பாருங்க. கரகரப்பா அரைச்ச தூள் 100 கிராம், தண்ணி 500 மில்லி, மூடி போட்டு ஃப்ரிட்ஜ்ல 12ல இருந்து 16 மணி நேரம். முதல்ல வடிகட்டில, அப்புறம் துணில, பிழியாம தானா இறங்க விடுங்க. 300 மில்லி பக்கம் கிடைக்கும், கெட்டியா கசப்பு கம்மியா இருக்கும். வாசனை சூடா இறக்குனது அளவுக்கு தூக்கலா இருக்காது, அதையும் சொல்லிடணும். எட்டு மணி நேரத்துலயே எடுத்துட்டு சப்புன்னு இருக்குன்னு சொல்லாதீங்க.

வெள்ளை வெள்ளையா மிதக்குது

இங்க பதட்டப்படாம ஒரு துளியை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு தேய்ங்க. வழவழன்னு உருகி விரல்ல எண்ணெய் மாதிரி பரவுச்சுன்னா அது பால் கொழுப்பு, ஏடு. காய்ச்சுன பாலை ஃப்ரிட்ஜ்ல வெச்சா மேல ஏடு கட்டும், அதைக் கலக்கி விட்டு ஊத்துனா சின்னச் சின்னதா ஒடைஞ்சு ஜில்லு காபில உருகாம மிதக்கும். கெட்டுப்போகல, பாக்கத்தான் அசிங்கம். வடிகட்டி ஊத்துனா போச்சு. மிக்ஸில போட்டு அடிச்சு சரி பண்றேன்னு ரொம்ப நேரம் ஓட்டாதீங்க, ஏடு அதிகமா இருந்தா ஜில்லுல வெண்ணெயே திரண்டு வரும், எனக்கு வந்திருக்கு, காபி வாசனையோட ஒரு சின்ன வெண்ணெய் உருண்டை.

விரல்ல உருகாம பொடிப்பொடியா உதிர்ந்துச்சுன்னா அது திரிஞ்ச பால். புளிப்பை அளக்குற பிஎச் கணக்குல, எண் குறையக் குறைய புளிப்பு கூட, பால் 6.7 பக்கம், காபி 5 பக்கம், பால்ல இருக்குற கேசீன் புரதம் 4.6ல திரண்டுடும், சூடு சேந்தா அதுக்கு முன்னாடியே திரளும். நல்ல பால் காபியைத் தாங்கிக்கும். ரெண்டு நாள் கிடந்து லேசா புளிக்க ஆரம்பிச்ச பால் ஜில்லுனு இருக்கும்போது ஒன்னும் காட்டிக்காது, சூடு டிகாஷன் பட்டதும் கையைக் கழுவிட்டுப் போயிடும். சந்தேகமா இருந்தா நாலு ஸ்பூன் பாலைத் தனியா சூடு பண்ணுங்க. அங்கயே திரிஞ்சா பால் தான் குத்தவாளி, மொத்தத்தையும் குடிக்காதீங்க. அங்க நல்லா இருந்து காபில மட்டும் திரிஞ்சா டிகாஷனோட புளிப்பும் சூடும் தான் காரணம், ஆற வெச்சு ஊத்துங்க. சோயா பால் இதுல ரொம்ப தொட்டாச்சிணுங்கி, ஆறுன டிகாஷனா இருந்தாலும் பாலைக் கொஞ்சம் கொஞ்சமா கலக்கிக்கிட்டே விடணும்.

தூள் கட்டி கட்டியா, நுரை வரவே இல்ல

இன்ஸ்டன்ட் தூளை நேரா ஜில்லு பால்ல போட்டா வெளிப்பக்கம் மட்டும் நனைஞ்சு தோல் மாதிரி மூடிக்கும், உள்ள காஞ்ச தூள் அப்படியே இருக்கும், ஸ்ட்ரால உறிஞ்சும்போது வாய்ல பொடி வெடிக்கும். தூளையும் சர்க்கரையையும் காஞ்சபடியே முதல்ல கலந்துட்டு ரெண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டு குழைச்சு, பசை மாதிரி ஆனதும் பால் ஊத்துங்க. சர்க்கரைப் படிகம் நடுவுல நடுவுல நிக்கிறதால தூள் ஒன்னோட ஒன்னு ஒட்டாது. கோகோ பவுடர் சேக்குறவங்களும் இதே மாதிரி.

மேல கெட்டி நுரை வெச்சு குடிக்கிற வகைக்கு இன்ஸ்டன்ட் காபி, சர்க்கரை, வெந்நீர் மூனும் சம அளவு, ரெண்டு ரெண்டு பெரிய ஸ்பூன். டிகாஷன்ல முயற்சி பண்ணி கை வலிச்சவங்க நிறைய பேர், அதுல இந்த நுரை நிக்காது. தண்ணி ஒரு ஸ்பூன் கூடினாலும் நிக்காது. சர்க்கரையைக் குறைச்சா நுரை வரும், ஆனா அஞ்சு நிமிஷத்துல அமுங்கிடும், நுரையைப் பிடிச்சு வெச்சிருக்குறதே சர்க்கரை தான். பால் நுரை வேணும்னா கொழுப்பு கம்மியான பாலை ஜில்லுனு அடிங்க, நல்லா பொங்கும். இல்ல ஒரு மூடி போட்ட பாட்டில்ல ஆறுன டிகாஷன், பாகு, ஐஸ் மூனையும் போட்டு பதினஞ்சு செகண்ட் நல்லா குலுக்குங்க, அதுவே அழகா நுரைச்சுக்கும். ஆறுன டிகாஷன்னு சொன்னதை ரெண்டு தடவை படிங்க. சூடானதை மூடின பாட்டில்லயோ மிக்ஸிலயோ ஓட்டுனா ஆவி மூடியைத் தள்ளிடும், சுவரைத் துடைக்கிற வேலை மட்டும் இல்ல, கை வெந்துடும்.

மிக்ஸில அடிச்சது ரெண்டா பிரியுது

மேல ஐஸ் நுரை, கீழ கறுப்புத் தண்ணி. திரவம் அதிகம், ஒட்டி வெக்க எதுவும் இல்ல. டிகாஷனும் பாலும் சேந்து முக்கால் டம்ளருக்கு மேல போகாம ஒரு டம்ளர் ஐஸ் போடுங்க, ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீமோ கண்டென்ஸ்டு மில்க்கோ சேத்தா கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். பிளேடு சும்மா சுத்துது ஐஸ் நகரலன்னா ரெண்டு ஸ்பூன் பால் விடுங்க, விட்டு விட்டு ஓட்டுங்க. எவ்வளவு பண்ணாலும் பத்து பதினஞ்சு நிமிஷத்துல பிரியத்தான் செய்யும், விருந்தாளி செருப்பைக் கழட்டுனப்புறம் மிக்ஸியை ஆன் பண்ணுங்க.

ஏதோ ஒரு ஃப்ரிட்ஜ் வாடை

ஐஸ்கட்டியை வாயில போடச் சொன்னேன்ல, இதுக்குத்தான். திறந்த ட்ரேல இருக்குற ஐஸ் ஃப்ரீசர்ல பக்கத்துல என்ன இருக்கோ அந்த வாடையை எல்லாம் பிடிச்சுக்கும், ஒரு வாரமா கிடக்குற ஐஸ்னா கேக்கவே வேணாம். நான் தூளை மாத்தி, பாலை மாத்தி, ஒரு மாசம் அலைஞ்சு கடைசில பாத்தா குத்தவாளி ட்ரே. மூடி உள்ள ட்ரே வாங்குங்க, இல்ல உறைஞ்சதும் ஜிப் கவர்ல போட்டு வைங்க. அவசரத்துக்கு ஐஸை ஒரு தடவை தண்ணில அலசிட்டு போட்டாலே பாதி வாடை போயிடும்.

பால் கலந்து வெச்ச காபி மறுநாள் சப்புன்னு இருக்குன்னா அது அப்படித்தான், டிகாஷனைத் தனியா பாலைத் தனியா வைங்க. சூடா இறக்குன டிகாஷன் மூடி வெச்சா ரெண்டு மூனு நாள் குடிக்கிற மாதிரி இருக்கும், பச்சைத் தண்ணில ஊற வெச்சது அஞ்சு நாள் வரைக்கும் நல்லா இருக்கு. பால் கலந்ததை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்காதீங்க, கடும் வெயில்னா ஒரு மணி நேரம் தான்.

கிளாஸ் டப்புன்னு விரிஞ்சுது

ஐஸ் போட்ட சாதா கண்ணாடி கிளாஸ்ல சூடு டிகாஷன் ஊத்துனா உள்பக்கம் ஒரு இடம் விரியும், ஒரு இடம் சுருங்கும், கண்ணாடி தாங்காது. அடிப்பக்கம் கனமா இருக்குற கிளாஸ் தான் முதல்ல போகும், கனமா இருந்தா பலம்னு நினைச்சு நான் ரெண்டை உடைச்சேன். எவர்சில்வர்லயோ சூடு தாங்குற போரோசிலிகேட் கண்ணாடிலயோ கலந்து ஆறுனப்புறம் மாத்துங்க. விரிசல் விட்ட கிளாஸ்ல இருந்த காபியை வடிகட்டிக் குடிக்கலாமான்னு ஒருத்தர் கேட்டார். கொட்டிருங்க சாமி.

குடிச்சா படபடன்னு வருது, ராத்திரி தூக்கம் இல்ல

ஐஸ் காபி ஜில்லுனு மடமடன்னு இறங்கிடும், சூடு காபி மாதிரி ஊதி ஊதி குடிக்கிறது இல்ல, அதனால எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரியாது. ஊற வெச்ச கெட்டி டிகாஷனை அளக்காம கிளாஸ் பாதிக்கு ஊத்துறவங்களுக்கு இது கண்டிப்பா வரும், அது ஒன்னுக்கு ஒன்னாவது தண்ணியோ பாலோ சேத்து குடிக்க வேண்டியது. ஆரோக்கியமா இருக்குற பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபைன், கர்ப்பமா இருக்குறவங்களுக்கு 200, அதுக்குள்ள நிறுத்திக்கச் சொல்றாங்க. உடம்புல போன கஃபைன்ல பாதி வெளியேறவே சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும், சாயங்காலம் ஆறு மணிக்கு குடிச்சதுல பாதி ராத்திரி பதினோரு மணிக்கும் உள்ள உக்காந்திருக்கும். மதியம் ரெண்டு மணிக்கு மேல ஆசை வந்தா நான் கஃபைன் எடுத்த தூள்ல போட்டுக்குறேன். கொஞ்சம் சோகையா தான் இருக்கும், தூளை ஒரு ஸ்பூன் கூட போட்டா ஐஸுக்குள்ள வித்தியாசம் பெருசா தெரியாது.